புதினாவுக்கு மட்டும் வேண்டாம்

டத்தோ கிராமாட், ஜார்ஜ் டவுன்
5 பிப்ரவரி 2024

அன்புள்ள தம்பி டெஸ்மண்டுக்கு,

அக்கா வெரோனிக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும், உன் லினெட்டும், அவள் வயிற்றிலிருக்கும் குட்டியும் ஆண்டவர் காவலில் நலமாக இருக்கிறோம். நீ வேலை பார்க்கும் அந்த ஆற்றங்கரைக் கொட்டகையில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை போட்டோவில் உன் கழுத்து எலும்பு தெரிந்தது. உன்னைப் போனில் பிடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. பிடித்தாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிச் சண்டையில்தான் முடிகிறது. அதனால் கடிதம்.

லினெட்டைப் பற்றிக் கவலைப்படாதே. பாலர் பள்ளிக்கு வேலைக்குப் போய் வருகிறாள். வாந்தி நின்றுவிட்டது. இப்போது பசி. நீ சரவாக்கிலிருந்து வரும்வரை அவள் என் வீட்டுப் பிள்ளை.

எங்கள் கவலை தண்ணீர். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நம் தோட்டம் இருக்கும் பாலிக் புலாவில் ஒரு நல்ல மழை இல்லை. தோட்டத்துக்குப் பின்னால் ஓடுமே அந்த ஓடை, அதில் இப்போது கல்தான் கிடக்கிறது. பம்பு காற்றை இழுக்கிறது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியதை விட்டு வந்த நாளிலிருந்து உன் அத்தானுக்கு அந்தத் தோட்டம்தான் உயிர். பயத்தங்காய்க் கொடி வாடுவதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறார், யாரோ செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல.

சாலையோரத்தில் புதிதாக வந்த காண்டோ அடுக்குமாடிக்குச் சொந்தமாகக் கழிவுநீர் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் பையன் பெயர் குகன். அவன் வேலியோரம் வந்து, "வேணும்னா எடுத்துக்குங்க அண்ணே, சுத்தம் பண்ணி வாய்க்கால்லதானே விடுறோம்" என்றானாம். உன் அத்தான் ஒரு வாளியில் பிடித்துக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருக்கிறது, நாற்றம் இல்லை. கர்த்தர் அனுப்பியது என்கிறார்.

நீ தண்ணீரையே படித்தவன். எடுக்கலாமா? நம் தோட்டத்தில் பயத்தங்காய், கத்தரி, வெண்டை, அப்புறம் பாசாரில் கடை போட்டிருக்கும் நூர்ஜானுக்குக் கொடுக்கிற புதினாவும் வல்லாரையும். சீக்கிரம் எழுது.

உன் தலையில் கை வைத்து ஜெபிக்கும்,
அக்கா

•

கப்பிட்டுக்கு மேலே, சரவாக்
17 பிப்ரவரி 2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

நான் சுகம். சாப்பாடு மீனும் சோறும், குறையில்லை. உங்கள் எல்லோருடைய சுகத்தையும் கேட்டு மகிழ்ந்தேன். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் கடிதம் படகில் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தத் தண்ணீரை விவசாயத்துக்கு எடுப்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உலகத்தில் பல இடங்களில் எடுக்கிறார்கள். மழை இப்படிப் பொய்த்தால் நாமும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கண்ணுக்குத் தெளிவாக இருப்பது வேறு, சுத்தமாக இருப்பது வேறு. அந்த நிலையத்தைத் தண்ணீரை வாய்க்காலில் விடுவதற்காகக் கட்டியிருக்கிறார்கள், நம் தட்டில் விடுவதற்காக அல்ல. நூறு வீட்டின் கழிப்பறைத் தண்ணீர் அது. அழுக்கும் நாற்றமும் போயிருக்கும். கிருமி போயிருக்கிறதா என்பது கடைசியாக ஒரு புறஊதா விளக்கோ குளோரினோ ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைப் பொறுத்தது. குகனிடம் அதைக் கேள். கேட்டால் மட்டும் போதாது, விளக்கு எரிவதைக் கண்ணால் பார்.

விளக்கு எரிந்தாலும்கூட, பயத்தங்காய், கத்தரி, வெண்டைக்கு மட்டும் விடு. அவை மண்ணுக்கு மேலே தொங்குகிறவை, அடுப்பில் வேகிறவை. அதுவும் தெளிப்பான் கூடாது. சொட்டுக் குழாய் போட்டு வேரடியில் மட்டும் விழச் செய். பறிப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்திவிடு. அத்தானிடம் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்.

புதினாவுக்கு மட்டும் வேண்டாம் அக்கா. வல்லாரைக்கும் வேண்டாம். இரண்டும் தரையோடு படர்கிறவை, பச்சையாகச் சாப்பிடுகிறவை. உப்புத் தண்ணீரில் எத்தனை தடவை அலசினாலும் இலைச் சுருக்கத்துக்குள் இருப்பது போகாது. மழை வரும்வரை அந்தப் பாத்திகள் காய்ந்தால் காயட்டும்.

நேரம் கிடைக்கும்போது அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பு. லினெட்டுக்கு என் அன்பு. தனியாக அவளுக்கும் எழுதியிருக்கிறேன்.

அன்புத் தம்பி,
டெஸ்மண்ட்

•

டத்தோ கிராமாட்
1 மார்ச் 2024

என் அன்புத் தம்பிக்கு,

தவக்காலத்தில் இருக்கிறோம். நோன்பு இருக்கும் உடம்புதான் லேசாக இருக்கிறது, மற்றபடி நலம். உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் மாதா பார்த்துக்கொள்வாள். உன் கடிதத்தை உன் அத்தானுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். "டெஸ்மண்ட் சொன்னா சரியாத்தான்லா இருக்கும்" என்றார்.

மறுநாளே சொட்டுக் குழாய் வாங்கிப் போட்டுவிட்டோம். இப்போது நீ தோட்டத்தைப் பார்க்க வேண்டும்! பயத்தங்காய்க் கொடி பந்தலில் ஏறி, காய் என் கை நீளத்துக்குத் தொங்குகிறது. கத்தரி பளபளவென்று இருக்கிறது. வெண்டையை ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிப் போகிறது. பாசாரில் மற்றவர்களுடைய காய் சூம்பிப் போய்க் கிடக்கும்போது நம் கூடை மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. உன் அத்தான் மறுபடியும் பாட்டு முனகுகிறார். அத்தனையும் நீ சொல்லிக் கொடுத்ததால்தான்.

இன்னும் சில நாளில் முஸ்லிம்களுக்கு நோன்பு மாதம் பிறக்கிறது. நூர்ஜான் நோன்புப் பாசாரில் கடை எடுத்திருக்கிறாள். இந்த வருஷம் எல்லாவற்றையும் இரண்டு மடங்காகக் கேட்கிறாள். அவளிடம் இஸ்ஸதி என்று ஒரு பெண் உதவிக்குச் சேர்ந்திருக்கிறாள், நல்ல சுறுசுறுப்பு. நூர்ஜானுக்கு நான் இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட இல்லையென்று சொன்னதில்லை, உனக்கே தெரியும்.

லினெட்டுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. புளிப்பாக, காரமாகக் கேட்கிறாள். சமைத்துப் போட எனக்கும் ஆசையாக இருக்கிறது.

அங்கே கொசு அதிகமா? வலை கட்டிப் படு.

அக்கா வெரோனிக்கா

•

கப்பிட்டுக்கு மேலே
13 மார்ச் 2024

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். சொட்டுக் குழாய் போட்டது சந்தோஷம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பயத்தங்காயைப் பற்றி இருக்கிறது. கத்தரி, வெண்டை இருக்கிறது. புதினாவைப் பற்றி ஒரு வரி இல்லை. விளக்கைப் பற்றியும் இல்லை. பரிசோதனைக்கு அனுப்பினாயா என்றும் இல்லை.

நூர்ஜான் எதை இரண்டு மடங்கு கேட்கிறார்? அவர் நம்மிடம் பயத்தங்காய் வாங்குகிறவரில்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவர் கடையில் விற்பது புதினா போட்ட எலுமிச்சைத் தண்ணீரும், சம்பலும், புதினாத் துவையலும்தான்.

போன ஞாயிறு சிக்னல் கிடைக்கும் கப்பிட் டவுனுக்குப் போனபோது லினெட்டின் குரல் பதிவு வந்தது. "அண்ணி தினமும் எனக்குப் புதினாத் துவையல் அரைச்சுத் தர்றாங்க, அது இல்லாம சோறு இறங்கல" என்று சிரிக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஓடை வற்றிவிட்டது என்று நீயே எழுதினாய். அப்படியானால் அந்தப் புதினா எந்தத் தண்ணீரில் வளர்கிறது? இதற்கு மட்டும் பதில் எழுது. மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். லினெட் சாப்பிடுவதை இன்றோடு நிறுத்து.

உன் தம்பி,
டெஸ்மண்ட்

•

டத்தோ கிராமாட்
பெரிய வியாழன், 28 மார்ச் 2024

அன்புத் தம்பி,

ஆண்டவருடைய பாடுகளின் வாரத்தில் எழுதுகிறேன். கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டே எழுதுவதால் சுருக்கமாக முடிக்கிறேன். நாங்கள் நலம். உன் கடிதம் கிடைத்தது.

லினெட்டுக்கு ஒரு வாரமாக லேசாகக் காய்ச்சல். வெயில் கொளுத்துகிறது, பள்ளியில் பிள்ளைகள் எல்லோருக்கும் இருமல். கிளினிக்கில் பார்த்தோம், மாத்திரை கொடுத்தார்கள். மாலையில் கூடுகிறது, காலையில் இறங்கிவிடுகிறது. இந்த மாதத்தில் இப்படி வருவது உண்டு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நீ பதறாதே. போனில் அவளுடைய குரல் கேட்கவில்லை என்று குழம்ப வேண்டாம், தூங்கிக்கொண்டே இருக்கிறாள்.

புதினா முன்பு போலத்தான். இப்போது அவளுக்குக் கஞ்சி மட்டும்தான் கொடுக்கிறேன்.

உன் அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். ஈஸ்டர் வாழ்த்துகள்.

அக்கா

•

கப்பிட்டுக்கு மேலே
5 ஏப்ரல் 2024

அக்கா,

இதைப் படகுக்காரரிடம் அவசரமாகக் கொடுத்து அனுப்புகிறேன். ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டதால் பெரிய படகு மேலே வரவில்லை. குன்றின் மேல் ஏறி நின்று உனக்கு ஐந்தாறு தடவை போன் செய்தேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. லினெட்டின் போன் அணைந்து கிடக்கிறது.

ஒரு வாரமாகக் காய்ச்சல், மாலையில் கூடுகிறது, தூங்கிக்கொண்டே இருக்கிறாள் என்று எழுதுகிறாய். இது வெயில் காய்ச்சலா? வயிற்று வலி இருக்கிறதா? நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா? கிளினிக் வேண்டாம், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை செய்யச் சொல். டாக்டரிடம் தண்ணீரைப் பற்றிச் சொல். "வீட்டில் கழிவுநீர் பாய்ச்சிய கீரையைப் பச்சையாகச் சாப்பிட்டாள்" என்று இதே வார்த்தையில் சொல். அதைச் சொன்னால்தான் அவர்கள் சரியான இடத்தில் தேடுவார்கள். உனக்குக் கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டு.

"முன்பு போலத்தான்" என்றால் என்ன அர்த்தம்?

அடுத்த படகில் நானே இறங்குகிறேன்.

டெஸ்மண்ட்

•

டத்தோ கிராமாட்
8 ஏப்ரல் 2024

தம்பி டெஸ்மண்ட்,

சுகம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. உன் ஆபீசுக்குப் போன் செய்து, உனக்குத் தகவல் அனுப்பச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் அங்கே வருவதற்குள் நீ இங்கே வந்துவிடுவாய். ஆனாலும் எழுதுகிறேன். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது.

லினெட்டுக்கு டைபாய்டு. ஈஸ்டருக்கு மறுநாள் எழுந்து நிற்க முடியாமல் விழுந்தாள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு இருக்கிறது, மருந்து ஏற்றுகிறார்கள். "ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்பதற்கு மேல் டாக்டர் எதுவும் சொல்லவில்லை.

டைபாய்டு என்றால் சுகாதார இலாகாவுக்குச் சொல்லியாக வேண்டுமாம். நோர்மா என்று ஒரு அதிகாரி வந்தார். இளம் வயது, மரியாதையான பெண். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு மலாயில் கேட்டார்.

"ஆன்ட்டி, இவங்க கடைசி மூணு வாரமா வெளியில எங்கெல்லாம் சாப்பிட்டாங்க?"

"நோன்புப் பாசார்ல ஒரு கடையில எலுமிச்சைத் தண்ணி வாங்கிக் குடிப்பா" என்றேன்.

"வீட்டுல?"

"சோறு, குழம்பு. எல்லாம் வேக வச்சதுதான்."

அப்படித்தான் சொன்னேன் தம்பி. வாயிலிருந்து தானாக வந்தது. அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே அதே வார்டில் இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து போட்டார்கள். நூர்ஜான் கடை இஸ்ஸதி. அவளுக்கும் டைபாய்டு. இரண்டு நோயாளிகள், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே கடை. நோன்பு மாதத்தின் கடைசி வாரத்தில், வியாபாரம் உச்சத்தில் இருக்கும்போது, நூர்ஜான் கடையை மூடச் சொல்லிவிட்டார்கள். கடையில் யாரோ கிருமியைச் சுமந்துகொண்டு இருக்கிறார்கள் என்று பாசார் முழுக்கப் பேச்சு. இஸ்ஸதிதான் கொண்டுவந்தாள் என்று சிலர். ஐஸ் கட்டி என்று சிலர். நூர்ஜான் கை சுத்தமில்லை என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

நான் வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சும்மா இரு வெரோனிக்கா. நாமளும்தானே சாப்பிட்டோம், நமக்கு ஒன்னும் ஆகலையே. தண்ணியில ஒன்னும் இல்ல" என்றார். அவர் சொல்வது உண்மையாக இருக்கக் கூடாதா என்று ஜெபித்தேன். அப்படியும் ஒரு ஜெபம் உண்டா?

சனிக்கிழமை ஆஸ்பத்திரி வராண்டாவில் நூர்ஜான் வந்தாள். நோன்பு வைத்த முகம், உதடு காய்ந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கையாலதான் எல்லாம் அரைக்கிறேன், உனக்குத் தெரியும். கடையில எல்லாருக்கும் பரிசோதனை எடுத்திருக்காங்க. என்ன வருமோ தெரியல. உன் தம்பி பொண்டாட்டிக்கு என் கடையிலிருந்து வந்துச்சுன்னு ஆச்சுன்னா, என்னை மன்னிச்சிரு வெரோனிக்கா. வயித்துப் பிள்ளைக்காரி."

அவள் அழுதாள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. "உன்னால இல்ல நூர்ஜான்" என்றேன். "பின்ன?" என்றாள். "என் புதினா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எந்தத் தண்ணீர் என்று சொன்னேன். அவள் என் கையை விட்டுவிட்டாள். திட்டவில்லை. எழுந்து இஸ்ஸதியின் கட்டில் பக்கம் போய்விட்டாள்.

அங்கிருந்தே நோர்மாவுக்குப் போன் செய்தேன். பாலிக் புலாவுக்கு வரச் சொல்லி, ஓடையையும் குழாயையும் பாத்தியையும் காட்டினேன். சொட்டுக் குழாய் போட்டது பயத்தங்காய்க்கும் கத்தரிக்கும்தான். புதினாவுக்கும் வல்லாரைக்கும் அதே தண்ணீரைத் தெளிப்பானில் விட்டோம். உன் கடிதம் கையில் இருக்கும்போதே விட்டோம். நோன்புக்கு முன் அந்தப் பாத்தி கருகிக்கொண்டிருந்தது. நூர்ஜானிடம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று தண்ணீர் அலசினால் போதும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை, அப்படி இருக்கட்டும் என்று விரும்பினேன்.

நீ வந்து நிற்கும்போது நான் இதையெல்லாம் சொல்வேனா என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் சொல்லும்.

வெரோனிக்கா

•

கப்பிட்டுக்கு மேலே
6 மே 2024

அக்கா வெரோனிக்காவுக்கு,

லினெட் ஈப்போவில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். காய்ச்சல் விட்டுவிட்டது. பிள்ளை வளர்ச்சியில் சிறியதாக இருக்கிறது, அடிக்கடி ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்கள். நீ கேட்பாய் என்பதால் முதலில் இதை எழுதிவிட்டேன்.

ஈப்போவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். இங்கே பொறுப்பை ஒப்படைக்கத் திரும்பி வந்தபோது உன் கடிதம் மேசைமேல் கிடந்தது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அத்தனை நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீ காப்பி வாங்கி வந்து வைப்பாய், நான் குடிக்காமல் ஆறவிடுவேன். நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நோர்மா என்னிடம் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது என்றார். நூர்ஜான் கடையில் மற்ற எல்லோருடைய பரிசோதனையிலும் கிருமி இல்லை என்றார். நிலையத்தில் புறஊதா விளக்கு வெகு நாளாக எரியவில்லை, தண்ணீரிலும் புதினாவிலும் மலக் கிருமி ஏராளம் என்றார். லினெட்டின் இரத்தத்தில் இருந்த அதே கிருமியைப் பாத்தியில் பிடிக்க முடியவில்லை, ஆனால் வேறு வழி எதுவும் தெரியவில்லை என்றும் சொன்னார். உன்னைப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். நீயாகப் போய்ச் சொன்னாய் என்பதை உன் கடிதத்தில்தான் படித்தேன்.

அதைப் படித்து என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை.

நூர்ஜான் அழுதபோது உன்னால் தாங்க முடியவில்லை, சரி. லினெட் அதற்கு முன்பே உன் வீட்டில் அத்தனை நாள் படுத்துக் கிடந்தாளே. கிளினிக் டாக்டர் என்ன காய்ச்சல் என்று தேடிக்கொண்டிருந்தாரே. அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு வாரம் முன்பே சரியான மருந்து கிடைத்திருக்கும். நூர்ஜானுக்காகத் திறந்த வாய் லினெட்டுக்காக ஏன் திறக்கவில்லை?

இதற்குப் பதில் தெரியும்வரை எழுத எனக்கு ஒன்றுமில்லை. அத்தானின் உடம்பைப் பார்த்துக்கொள்.

டெஸ்மண்ட்

•

டத்தோ கிராமாட்
2 ஜூன் 2024

தம்பி,

நீங்கள் மூன்று பேரும் நலமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் நலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இருக்கிறோம்.

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். பயம் என்று எழுதினேன், கிழித்தேன். தெரியவில்லை என்று எழுதினேன், அது பொய்.

லினெட் முதல் நாள் படுத்தபோதே அது புதினாதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் சொல்லவில்லை. தெரியாமல் இருந்திருந்தால் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவளுக்கு ஈரத் துணி போடுவேன், கஞ்சி ஊட்டுவேன், நாளைக்கு இறங்கிவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவளுடைய நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். என் கண்ணுக்கு முன்னால் அவள் கருகிக்கொண்டிருந்தாள், நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். இதுதான் பதில்.

இன்னொன்றும் உனக்குச் சொல்லவில்லை. குகன் முதல் நாளே உன் அத்தானிடம், "மரத்துக்கு, பூச்செடிக்குன்னா சரிண்ணே, பச்சையா சாப்பிடறதுக்கு வேணாம்லா" என்றும் சொல்லியிருக்கிறான். நான் உனக்கு எழுதியபோது அவன் சொன்னதில் பாதியைத்தான் எழுதினேன். விளக்கு அணைந்து கிடந்தது அந்தப் பையனுக்கும் தெரியாதாம். காண்டோ நிர்வாகத்துக்கு இலாகாவிலிருந்து எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அது அவர்கள் பாடு.

தோட்டத்தில் எதையும் விற்கக் கூடாது என்று உத்தரவு. புதினாவையும் வல்லாரையையும் நானே வேரோடு பிடுங்கிக் குழி வெட்டிப் புதைத்தேன். உன் அத்தான் உதவிக்கு வரவில்லை. வரப்பில் நின்று, "நான்தான் குழாயத் திறந்துவிட்டேன், நீ ஏன் உன் பேரையே சொன்ன?" என்று கேட்டார். அவரும் இப்போது பாட்டு முனகுவதில்லை. போன வாரம் மழை வந்தது, நல்ல மழை. ஓடையில் தண்ணீர் ஓடுகிறது. யாரும் பம்பைப் போடவில்லை.

நூர்ஜான் கடையைத் திறந்துவிட்டாள். இஸ்ஸதி வேலைக்கு வந்துவிட்டாள், ஆனால் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதாம். நான் கடைக்குப் போய் நின்றேன். கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தேன்.

"நீ வந்து சொன்னதுனாலதான் என் கடை தப்புச்சு" என்றாள் நூர்ஜான். "அத மறக்க மாட்டேன்."

"மன்னிச்சிரு நூர்ஜான்."

"நான் மன்னிக்கலாம். இஸ்ஸதிகிட்ட கேட்டியா?"

இஸ்ஸதி பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லக்கா" என்றாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள். நூர்ஜான் இப்போது புதினாவை மலைமேலிருந்து வரும் வேறு ஒருவரிடம் வாங்குகிறாள்.

நீ பதில் எழுத வேண்டியதில்லை. லினெட்டின் ஸ்கேன் எப்படி என்று மட்டும் யார் மூலமாவது சொல்லி அனுப்பு.

அக்கா

•

ஈப்போ
21 ஜூலை 2024

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. எழுதக் கூடாது என்றில்லை, எழுத உட்கார்ந்தால் கோபமாகவே வந்தது.

மகள் பிறந்திருக்கிறாள். நாள் வருவதற்கு முன்பே பிறந்ததால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைதான் இருக்கிறாள். அழுதால் மட்டும் உன் குரல். அலிசியா என்று பெயர் வைக்கிறோம்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு ஞானஸ்நானம். உன்னைக் கூப்பிட வேண்டாம் என்று நான் சொன்னேன். லினெட் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அவங்க எனக்கு அரைச்சுக் குடுத்தது கெடுதல் பண்ணணும்னு இல்ல. அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்" என்றாள். எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது போதவில்லை, அதுதான் என் கஷ்டம்.

உன் பதிலைப் பல தடவை படித்தேன். அதில் ஒரு வார்த்தைகூட உனக்குச் சாதகமாக இல்லை. நீ எழுதிய கடிதங்களில் எதையும் விடாமல் எழுதியது அது ஒன்றுதான்.

அத்தானைக் கூட்டிக்கொண்டு வா. சனிக்கிழமையே வந்துவிடு, இங்கே தங்கலாம். ஒன்றே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, தப்பாக நினைக்காதே. சாப்பிடுவது எதையும் கொண்டு வராதே. தோட்டத்துக் காயானாலும் சரி, நீ சமைத்ததானாலும் சரி. லினெட் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இன்னும் முடியவில்லை.

டெஸ்மண்ட்

•

டத்தோ கிராமாட்
29 ஜூலை 2024

என் தம்பி டெஸ்மண்டுக்கும், லினெட்டுக்கும், அலிசியாக் குட்டிக்கும்,

உங்கள் மூவருக்கும் முத்தம். உன் கடிதத்தை உன் அத்தான் என் கையிலிருந்து வாங்கித் தானே படித்தார். படித்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் வெகு நேரம் நின்றிருந்தார். திரும்பி வந்து சட்டையைத் தேய்க்க எடுத்து வைத்திருக்கிறார், இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதே.

சனிக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறோம்.

பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்பார்கள். நான் வெறுங்கையோடு வருகிறேன். வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்கிறேன். அதன் பிறகு, நீ கொடுத்தால், பிள்ளையை வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா